சுங்கை சிப்புட் பழைய சாமான் கடை: கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பெரிய சாலைக்குப் பின்னால் இருக்கும் பழைய கடை வரிசையில், சைக்கிள் பட்டறைக்கும் பூக்கடைக்கும் நடுவில் அந்தக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் ஒரு தையல் மெஷின், அதன்மேல் பால் வாளி இரண்டு. உள்ளே நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள், மண்ணெண்ணெய் விளக்குகள், பீங்கான் தட்டுகள், கிராணி (குமாஸ்தா) ஆபீசில் இருந்திருக்கக்கூடிய ஒரு மர மேசை. போன இரண்டு மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். மொத்தம் 215 வெள்ளி (ரிங்கிட்) செலவு. பழைய கரண்டி, முள்கரண்டி தேடுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

கடைக்காரத் தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா லோரியில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழைய பேப்பர் வாங்கியவர். பேப்பரோடு வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களா சாமான்களும் வந்து சேர்ந்தன. துரைமார் ஊருக்குத் திரும்பி, தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், பங்களாவிலிருந்த மேசை நாற்காலிகள் ஒரு பக்கமும் பாத்திர பண்டங்கள் ஒரு பக்கமும் போயின. அவற்றில் ஒரு சிறு பங்கு இந்தக் கடையில் மூன்று பிஸ்கட் டின்களில் கிடக்கிறது.

எனக்கு இதில் ஆசை வந்தது தாத்தாவால். அவர் ஒரு தோட்டத்துப் பங்களாவில் மேசை போடும் வேலை பார்த்தவர். பச்சைக் கம்பளி விரித்த இழுப்பறையில் கரண்டிகளை வகைவகையாக அடுக்குவார். இராத்திரி சாப்பாடு முடிந்ததும் கழுவித் துடைத்து, எண்ணிக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு தடவை எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததற்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களாம். பாட்டி அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்டி குறைந்ததைப் பற்றி தாத்தா வாயே திறக்கமாட்டார். ஆனால் முள்கரண்டியை எப்படி வைப்பது, மீன் கத்தி எது, வெண்ணெய்க் கத்தி எது என்று எங்களுக்குத் தகரக் கரண்டிகளை வைத்துச் சொல்லித் தந்தார்.

அதனால் முதல் நாள் அந்த டின்னைத் திறந்தபோது எனக்குக் கை நடுங்கியது உண்மை.

தம்பி ஒரு அட்டையில் ‘வெள்ளிக் கரண்டி 12 வெள்ளி’ என்று எழுதி வைத்திருந்தார். நம் ஊரில் உலோகத்துக்கும் காசுக்கும் ஒரே சொல் என்பதால் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அட்டையின் முதல் சொல் தவறு. டின்னில் இருப்பவை வெள்ளி அல்ல, வெள்ளி முலாம். “டீச்சர், காந்தம் வெச்சுப் பாத்துட்டேன், ஒட்டவே இல்ல, அசல்தான்” என்றார். அவர் ஏமாற்றவில்லை, அப்படித்தான் நம்புகிறார். காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். இந்தக் கரண்டிகளின் உடம்பு செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த கலவை. ஜெர்மன் வெள்ளி, நிக்கல் வெள்ளி என்றெல்லாம் பெயர் உண்டே தவிர அதில் ஒரு குன்றிமணி வெள்ளிகூடக் கிடையாது. காந்தம் அசல் வெள்ளியிலும் ஒட்டாது, இந்தக் கலவையிலும் ஒட்டாது.

பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? கரண்டியைக் கவிழ்த்தால் காம்பின் பின்பக்கம், கழுத்துக்கு அருகில், வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். நகைக்கடையில் வைத்திருப்பதுபோல் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தம்பியிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் கீறல் விழுந்தது. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போகலாம், எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்கமாட்டார். இரண்டாவது ஞாயிறு இரண்டு மணி நேரம் இருந்தேன். கொப்பி ஓ வாங்கிக் கொடுத்தார்.

இங்கிலாந்தில் செய்த அசல் வெள்ளியானால் நடக்கும் சிங்கம் ஒன்று பதிந்திருக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அது உத்தரவாதம். பக்கத்திலேயே எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதற்கு ஓர் அடையாளம்: பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, ஷெப்பீல்டுக்கு 1974 வரை கிரீடம், பிறகு ரோஜா. இந்தச் சிங்கத்தை மூன்று டின்களிலும் தேடினேன். ஒன்றில்கூட இல்லை.

இருந்தது பெரும்பாலும் ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்து. நிக்கல் வெள்ளியின்மேல் மின்சாரத்தால் வெள்ளி ஏற்றியது என்பதன் சுருக்கம். பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான், வெள்ளி மேசை என்பது பிரபுக்களிடமிருந்து குமாஸ்தா வீடு வரைக்கும் இறங்கி வந்தது. ஏமாறுகிற இடம் எதுவென்றால், பல பட்டறைகள் இந்த நான்கு எழுத்தையும் சேர்த்து அடிக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கேடயத்துக்குள், சுருள் சுருளான பழைய எழுத்தில் அடித்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கமும் நங்கூரமும் வரிசை கட்டி நிற்பதுபோலவே தோன்றும். லென்ஸை வைத்து நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தால் குட்டு உடைந்துவிடும். ஈ.பி.பி.எம். என்று இருந்தால் அடியில் இருப்பது வெள்ளீயக் கலவை. மிருதுவானது, எளிதில் வளையும். அதை நான் வாங்குவதில்லை. நெவாடா சில்வர், பிரேசில் சில்வர் என்று ஊர்ப் பெயரோடு வருவதும் வெள்ளி அல்ல. ஏ1 என்பது முலாம் கனமானது என்று பட்டறைக்காரர் தானே கொடுத்துக்கொண்ட தரம். எந்த அரசாங்கச் சோதனையும் அதற்குப் பின்னால் இல்லை. அமெரிக்கக் கரண்டி ஒன்றில் ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்றிருந்தது. தம்பி அதைத் தனியாகத் துணியில் சுற்றி 80 வெள்ளி சொன்னார், 1847இல் செய்தது என்று. அந்த எண் வியாபாரப் பெயரின் ஒரு பகுதி. ரோஜர்ஸ் சகோதரர்கள் முலாம் தொழிலைத் தொடங்கிய ஆண்டைப் பெயராகவே வைத்துக்கொண்டார்கள், இருபதாம் நூற்றாண்டிலும் அதே எண்ணை அடித்தார்கள். இதைச் சொன்னதும் தம்பி துணியைப் பிரித்து அதையும் டின்னில் போட்டார். எத்தனை கடைக்காரர்கள் இப்படிச் செய்வார்கள்?

நான் வாங்கியது ஆறு முள்கரண்டி, ஒன்று 15 வெள்ளி. அதே வரிசையில் ஐந்து டெசர்ட் கரண்டி, ஒன்று 12 வெள்ளி. முள்கரண்டிகளில் முக்கோணக் கொடி, அதற்குள் டபிள்யூ அண்ட் ஹெச். ஷெப்பீல்டின் வாக்கர் அண்ட் ஹால். கொடியைப் பார்த்தாலே போதும், எழுத்து தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. அதேபோல் ஊதுகொம்பு இருந்தால் ஜேம்ஸ் டிக்சன். டெசர்ட் கரண்டிகளின் பின்பக்கம் படித்தபோது அது வேறு பட்டறை, மேப்பின் அண்ட் வெப், ‘பிரின்சஸ் பிளேட்’ என்ற அவர்களுடைய முலாம் பெயரோடு. இரண்டும் ஒரே குடும்பத்துக் கரண்டிதானா என்று தம்பி சந்தேகப்பட்டார். இரண்டின் முன்பக்கமும் ஒரே மூன்று எழுத்து, ஒரே கையால் வெட்டியதுபோல் பின்னிக் கிடக்கிறது. வடிவமும் ஒன்று.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘இது என்ன டிசைன்’ என்று கேட்பவர்கள் முத்திரையைப் பார்க்காமல் பூவைப் பார்க்கிறார்கள். என்னுடையவை ‘ஓல்ட் இங்கிலீஷ்’. பூவே கிடையாது. காம்பு கழுத்தில் ஒடுங்கி, நுனிக்குப் போகப் போக அகன்று, வட்டமாக முடியும். மேசையில் நிமிர்த்தி வைத்தால் காம்பின் நுனி கீழ்நோக்கி லேசாக வளைந்திருக்கும். அதற்கு மூத்தது ‘ஹனோவேரியன்’. அதில் நுனி மேல்நோக்கி வளையும், முன்பக்கம் நடுவில் ஒரு முதுகுக் கோடு ஓடும். அந்தக் காலத்தில் கரண்டியைக் கவிழ்த்துத்தான் மேசையில் வைத்தார்கள், அதனால் குடும்பச் சின்னத்தைப் பின்பக்கம் வெட்டினார்கள். பிறகு நிமிர்த்தி வைக்கும் பழக்கம் வந்ததும் எழுத்து முன்பக்கம் வந்துவிட்டது. குழியின் பின்புறம் எலிவால்போல ஒரு மேடு நீண்டிருந்தால் அதை ‘ரேட் டெயில்’ என்கிறார்கள். பிடில் வாத்தியத்தைப்போல இரண்டு பக்கமும் தோள் வைத்தது ‘பிடில்’. நுனியில் சிப்பியும் ஓரமெல்லாம் சுருளுமாகக் கனத்துக் கிடப்பது ‘கிங்ஸ்’. இவை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல, எல்லாப் பட்டறையும் செய்தது. அதனால்தான் ஒரு வீட்டில் இரண்டு கரண்டி தொலைந்தால் வேறு பட்டறையில் வாங்கி, அதே எழுத்தை வெட்டி, வரிசையை நிரப்பிக்கொண்டார்கள். என் டெசர்ட் கரண்டிகள் அப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த மூன்று எழுத்தைப் படிக்க எனக்கு ஒரு இரவு முழுவதும் ஆயிற்று. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன், கோலம் எடுப்பதுபோல. நடுவில் பெரிதாக ஒரு எம். அதைச் சுற்றி இடப்பக்கம் ஒரு ஜே, வலப்பக்கம் ஒரு டி. இப்படிப் பின்னியதில் நடுவிலுள்ள பெரிய எழுத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் இது ஜே.எம்.டி. என்று வரிசையாகப் படிக்க வேண்டிய பெயர் அல்ல. மூன்று எழுத்தை முக்கோணமாக வைத்திருந்தால் உச்சியில் குடும்பப் பெயர், கீழே கணவன் பெயரும் மனைவி பெயரும். இது தெரியாமல் இடமிருந்து வலமாகப் படித்தால் பழைய பங்களா ஆவணங்களில் அந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

எழுத்து பழையதா, பிறகு வெட்டியதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வெட்டின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், அன்றாடம் துடைத்த கீறல்கள் எழுத்தின்மேலும் ஓடும். புதிதாக வெட்டியதில் விளிம்பு விரலில் உறுத்தும், கீறல்கள் எழுத்தின் ஓரத்தில் வந்து அறுந்து நிற்கும். என் முள்கரண்டிகளில் கீறல்கள் எழுத்துக்கு மேலே தாராளமாக ஓடுகின்றன. இன்னொன்றும் கண்டேன். டெசர்ட் கரண்டிகளில் நான்கில் குழியின் நுனி இடப்பக்கம் தேய்ந்திருக்கிறது. வலக்கையால் சாப்பிடுகிறவர்கள் தட்டைச் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்த தேய்மானம் அது. ஐந்தாவது மட்டும் வலப்பக்கம் தேய்ந்திருக்கிறது. அந்த வீட்டில் இடக்கைக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார், அவர் தன் கரண்டியை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த இடத்தில்தான் கடையைப் பற்றிய என் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். முதல் டின்னில் எட்டுத் தேக்கரண்டிகளின் முன்பக்கம் வழுவழுவென்று இருந்தது. வாயால் ஊதிப் பார்த்தால், நீராவி படிந்த பரப்பில் ஒரு பள்ளம் தெரிந்தது. அங்கே எழுத்து இருந்திருக்கிறது, யாரோ மெஷினில் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். வேறு ஊர் வியாபாரி ஒருவர் ‘இனிஷியல் இருந்தா போகாது’ என்று சொல்லித் தம்பியைச் செய்ய வைத்திருக்கிறார். முலாம் சாமானில் இப்படிச் செய்தால் வெள்ளி போய் அடியிலிருக்கும் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் வெளியே வந்துவிடும். பிறகு மறுபடி முலாம் பூச வேண்டும். பூசினால் முத்திரையும் மங்கும். அது மட்டுமல்ல என் வருத்தம். யாருடைய மேசை, யார் சாப்பிட்டார், யார் கழுவினார் என்பதற்கு அந்த இரண்டு மூன்று எழுத்தைவிட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது? தோட்டக் கணக்குப் புத்தகங்கள் கரையான் தின்றுவிட்டன. என் தாத்தாவின் பெயர் எந்தக் கரண்டியிலும் இல்லை. அவர் ஒவ்வொரு இராத்திரியும் எண்ணிய எழுத்துகளாவது இருக்கட்டும். இதைத் தம்பியிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது, தேய்க்க வைத்திருந்த இன்னொரு கரண்டிக் கட்டை எடுத்துக் காட்டி, “இத அப்படியே வெச்சிட்டேன் டீச்சர்” என்றார்.

இரண்டாவது குறை அந்தக் கட்டைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டு. ரப்பர் தோட்டத்து மண்ணில் பிறந்தவர்கள் நாம், இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரத்திலிருந்து இறங்கும் பாலில் கந்தகம் சேர்ப்பதில்லை. தொழிற்சாலையில் உறுதி வருவதற்காகக் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். அந்தக் கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடும். பல வருடம் கட்டிக் கிடந்த கரண்டிகளில் ரப்பர் பேண்டு இருந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது, சிலவற்றில் உலோகத்தையே அரித்துவிட்டது. காகிதம் சுற்றி அதன்மேல் கட்டினாலும் விடாது. முட்டையிலும் கந்தகம் உண்டு. அதனால்தான் அந்தக் காலத்து முட்டைக் கரண்டியின் குழிக்குத் தங்க முலாம் பூசினார்கள். டின்னில் அப்படி ஒன்று கிடக்கிறது, குழி மட்டும் மஞ்சளாக. யாருக்காவது வேண்டுமானால் 10 வெள்ளிதான்.

அரிப்பில்லாமல் வெறுமனே கறுத்துப்போனதை வீட்டில் எடுத்துவிடலாம். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சோடா உப்பு போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, கரண்டி தாளில் படும்படி வைத்தால் போதும். கறுப்பிலிருக்கும் கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி கரண்டியிலேயே தங்கும். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி, சாம்பல் வைத்துத் தேய்க்காதீர்கள். வெள்ளிக் குங்குமச் சிமிழைத் துலக்கும் விபூதிகூட அடிக்கடி வேண்டாம், முலாம் அவ்வளவு மெல்லியது.

ஆனால் பிடி வைத்த கத்திகளைக் கொதிநீரில் போடக் கூடாது. பிடிக்குள் குங்கிலியம் போன்ற பசையை ஊற்றித்தான் அலகைப் பொருத்தியிருப்பார்கள், சூட்டில் இளகிக் கழன்றுவிடும். நான் 40 வெள்ளிக்கு ஒரு பெட்டி கத்திகள் வாங்கினேன், தந்தப் பிடி என்று சொல்லித் தம்பி கொடுத்தார். பிடியில் நேர்கோடுகள் ஒரே அளவில், இணையாக ஓடின. தந்தத்தின் வெட்டுமுகத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும், எலும்பில் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துச் சூடேற்றி மோந்து பார்த்தேன். கற்பூர வாசனை! கோயிலில் தீபாராதனை காட்டியதுபோல. செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கைச் செய்யும்போது கற்பூரம் சேர்ப்பார்கள், அந்த வாசனை இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை. தந்தம் இல்லை என்றதில் எனக்கு நிம்மதிதான். அலகில் துருப்பிடிக்காத எஃகு என்று பொறித்திருக்கிறது. ஷெப்பீல்டில் ஹாரி பிரேர்லி அந்த எஃகைக் கண்டது 1913இல், ஆகவே இந்தக் கத்திகள் அதற்குப் பிந்தியவை. தம்பி சொன்ன ‘விக்டோரியா ராணி காலம்’ சரியல்ல. 40 வெள்ளிக்கு மோசமில்லை.

மீன் பரிமாறும் அகலக் கத்தியும் முள்கரண்டியும் ஒரு ஜோடி இருக்கிறது. 180 வெள்ளி சொல்கிறார், அதனால் வாங்கவில்லை. அதில் பதிவு எண் ஒன்று பொறித்திருக்கிறது, 29இல் தொடங்கும் ஆறு இலக்கம். பிரிட்டனில் அந்த எண் வரிசை 1884இல் ஒன்றில் தொடங்கி, 1900 பிறக்கும்போது 351202ஐ எட்டியிருந்தது. எனவே அந்த வடிவத்தைப் பதிந்தது 1890களின் பின்பாதி. பொருளைச் செய்தது அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம், எண் முந்தைய எல்லையை மட்டும்தான் காட்டும். பணம் உள்ளவர்கள் 120 கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு தேக்கரண்டி, 25 வெள்ளி. டின்னின் அடியில் கிடந்தது. காம்பில் எஃப்.எம்.எஸ்.ஆர். ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வே, 1901இல் உருவானது. இது ஒரு வீட்டுக் கரண்டியே அல்ல, இரயில்வேக்காரர்களுடையது. குழியின் அடியில், மேசையில் உட்காரும் இடத்தில், முலாம் முழுக்கப் போய்விட்டது. முத்திரையும் பாதிதான் தெரிகிறது. விலை அதிகம் என்று என் மகன் சொன்னான். நான் அதைத்தான் தினமும் தேத்தண்ணி கலக்கப் பயன்படுத்துகிறேன்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் தம்பி கோயிலில் இருப்பார். ரொக்கம் கொண்டுபோங்கள். வரிசையாக ஆறு, எட்டு வாங்கினால் குறைத்துக் கொடுக்கிறார், ஒன்றிரண்டுக்குக் குறைப்பதில்லை. அட்டையில் ‘வெள்ளி முலாம்’ என்று மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். இதுவரை மாற்றவில்லை.

என் டெசர்ட் கரண்டிகள் ஐந்துதான், ஆறாவது மூன்று டின்னிலும் இல்லை. பென்சிலால் தேய்த்தெடுத்த அந்தத் தாளில் ஒரு பிரதியைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். மேசைக்கு மேல் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார். நடுவில் பெரிய எம், இடது பக்கம் ஜே, வலது பக்கம் டி, ஓல்ட் இங்கிலீஷ் வடிவம், பின்பக்கம் மேப்பின் அண்ட் வெப். உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால், தேய்க்காமல் அந்தக் கடையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.